மலாலாவும் பெண் பிள்ளைகளின் படிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண் கல்வி பற்றிய பேச்சு எழும் இடங்களிலெல்லாம், பெண் பிள்ளைகளின் படிப்புக்காகப் பேசியதால் 15 வயதில் சுடப்பட்டு, உயிர் பிழைத்து, பின்னர் நோபல் அமைதிப் பரிசு பெற்ற மலாலா யூசுப்சாயின் பெயர் வருகிறது. பெயர் வந்தவுடன் சந்தேகங்களும் வருகின்றன. மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் எனப் பலரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்ததால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. முன்பே சொன்ன செய்தியை மறுபடி சொல்லாமல் அந்தப் பதிலைச் சுட்டியிருக்கிறேன்.

மலாலா ஆப்கானிஸ்தான் நாட்டுப் பெண்தானே?

இல்லை. பாகிஸ்தானின் வடமேற்கே, கைபர் பக்துன்க்வா மாகாணத்தில், சுவாத் பள்ளத்தாக்கின் மிங்கோரா நகரில் 1997 ஜூலை 12 அன்று பிறந்தவர். அவர் பஷ்தூன் இனத்தவர் என்பதும், அந்த மக்கள் எல்லையின் இருபுறமும் வாழ்கிறார்கள் என்பதும் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். அவருக்கு இடப்பட்ட பெயரும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்ததுதான்: 1880ஆம் ஆண்டு மைவந்த் போரில் ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்ற ஆப்கான் வீரர்களுக்கு ஊக்கமூட்டியதாகப் பஷ்தூன் மக்கள் இன்றும் போற்றும் மலாலாய் என்ற இளம்பெண்ணின் பெயர் அது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மலாலாவைச் சுட்டது 2007 டிசம்பரில் உருவான தெஹ்ரீக்-இ-தாலிபான் பாகிஸ்தான் என்ற அமைப்பு. 2021 ஆகஸ்ட் முதல் காபூலில் ஆட்சி நடத்தும் ஆப்கான் தாலிபான் வேறு அமைப்பு. இரண்டுக்கும் கொள்கையில் நெருக்கம் உண்டு. தலைமையும் கட்டமைப்பும் தனித்தனி.

சுவாத்தில் அப்படி என்னதான் நடந்தது? அங்கே பெண்கள் எப்போதுமே படித்ததில்லையா?

படித்தார்கள். சுவாத் 1969 வரை தனிச் சமஸ்தானமாக இருந்தது; அதை ஆண்ட வாலிகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பள்ளிகள் கட்டினார்கள். மலாலாவின் தந்தை சியாவுதீன் யூசுப்சாய் மிங்கோராவில் குஷால் பள்ளி என்ற பெயரில் நடத்திய தனியார் பள்ளியில் பெண் பிள்ளைகள் இயல்பாகப் படித்து வந்தார்கள். எனவே சுவாத்தின் கதை, படிப்பறியாத ஊருக்குப் படிப்பு வந்த கதை அன்று; இருந்த படிப்பைப் பறித்த கதை.

பறித்தவர் சுவாத் தாலிபானின் தலைவர் மௌலானா ஃபஸ்லுல்லா. சட்டத்துக்குப் புறம்பான பண்பலை வானொலி ஒன்றின் வழியாக அவர் இரவுதோறும் பேசினார். முதலில் மார்க்க உபதேசமாகத் தொடங்கிய அந்தப் பேச்சு, பிறகு தொலைக்காட்சிக்கும் இசைக்கும் போலியோ சொட்டு மருந்துக்கும் எதிராகத் திரும்பி, கடைசியில் பெண்கள் பள்ளிக்கு வந்து நின்றது. பள்ளியை விட்டு நின்றுவிட்ட சிறுமிகளின் பெயர்களைச் சொல்லி வானொலியிலேயே வாழ்த்துவார்கள். தன் மகளுடைய பெயர் அந்த வாழ்த்தில் வரவில்லையே என்று அக்கம்பக்கம் கேட்கும் நிலை ஒரு குடும்பத்துக்கு எத்தகைய நெருக்கடி என்பதை எண்ணிப் பார்த்தால், துப்பாக்கி வருவதற்கு முன்பே அச்சம் எப்படி வேலை செய்கிறது என்பது புரியும்.

2007 முதல் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி அவருடைய ஆட்களின் பிடிக்குள் வந்தது. பள்ளிகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. சுவாத்தில் 400க்கும் மேற்பட்ட பள்ளிகள் அழிந்தன என்று மலாலா பின்னாளில் நோபல் உரையில் குறிப்பிட்டார். 2009 ஜனவரி 15க்குப் பிறகு எந்தப் பெண் பிள்ளையும் பள்ளிக்குப் போகக் கூடாது என்ற ஆணை 2008 டிசம்பரில் வந்தது.

அந்தப் பிரபலமான நாட்குறிப்பை ஒரு பதினோரு வயதுச் சிறுமியா எழுதினார்? அப்பா எழுதிக் கொடுத்ததுதானே?

சுவாத்தில் ஒரு மாணவியின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதை அவருடைய வாய்மொழியாகவே வெளியிட விரும்பிய பிபிசி உருதுச் சேவை, சியாவுதீனை அணுகியது. முதலில் வயதில் மூத்த மாணவி ஒருவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய பெற்றோர் அச்சத்தால் தடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் மலாலா முன்வந்தார். அவர் தந்த குறிப்புகளைச் செய்தியாளர் அப்துல் ஹை காக்கர் பெற்றுச் சீர்செய்ய, 2009 ஜனவரி 3 தொடங்கி மார்ச் வரை அவை ‘குல் மகாய்’ என்ற புனைபெயரில் வெளியாயின. தந்தையின் ஆதரவு இருந்தது, செய்தியாளரின் கைவண்ணம் இருந்தது. இதை யாரும் மறைத்ததில்லை.

ஆனால் அந்தக் குறிப்புகளைப் படித்தவர்களுக்கு, பெரியவர்கள் உட்கார்ந்து புனைந்த பிரச்சாரமாக அவை தோன்றாது. முதல் நாளிலேயே வகுப்பில் உள்ள 27 பேரில் 11 பேர்தான் வந்திருந்தார்கள் என்ற கணக்கு வருகிறது. பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் பின்னால் வந்த ஒருவன் “கொன்றுவிடுவேன்” என்று சொன்னது காதில் விழுந்து நடையை வேகப்படுத்தியதும், திரும்பிப் பார்த்தபோது அவன் கைப்பேசியில் வேறு யாரையோ மிரட்டிக்கொண்டிருந்ததைக் கண்டதும் வருகின்றன. சீருடை வேண்டாம், சாதாரண உடையில் வாருங்கள் என்று தலைமையாசிரியை சொன்னதால், தனக்குப் பிடித்த இளஞ்சிவப்பு உடையை அணிந்து போன செய்தி வருகிறது. தடைக்கு முந்தைய நாளின் குறிப்பில், விடுமுறை அறிவித்த தலைமையாசிரியை வழக்கம்போலப் பள்ளி திறக்கும் தேதியைச் சொல்லவில்லை என்பதை அந்தச் சிறுமி கவனித்திருக்கிறாள். தேதி சொல்லப்படாததைக் கவனிப்பது ஒரு மாணவியின் கண்.

புனைபெயரில் எழுதியவர் எப்படி வெளியே தெரிந்தார்?

அவர் ஒளிந்திருக்கவில்லை. நாட்குறிப்புக்கு முன்பே, 2008இல் தந்தையுடன் பெஷாவர் சென்று, அங்கே பத்திரிகையாளர்கள் முன்னிலையில் தன் கல்வி உரிமையைப் பறிக்கத் தாலிபானுக்கு என்ன துணிச்சல் என்று கேட்டிருந்தார். நாட்குறிப்பு வெளியான அதே ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் எடுத்த ஆவணப்படத்தில் சொந்த முகத்தோடும் பெயரோடும் தோன்றினார். 2009 முடிவதற்குள் குல் மகாய் யார் என்பதும் வெளிப்பட்டுவிட்டது. 2011இல் தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அவரைச் சர்வதேசச் சிறார் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். அதே டிசம்பரில் பாகிஸ்தான் அரசு தன் முதல் தேசிய இளைஞர் அமைதிப் பரிசை அவருக்கு வழங்கியது.

இந்தத் தேதிகளை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலாலா என்றால் ‘சுடப்பட்ட சிறுமி’ என்றே பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். சுடப்படுவதற்கு முன் நான்கு ஆண்டுகள் அவர் வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தார். குண்டு அவரை உருவாக்கவில்லை. ஏற்கெனவே உருவாகியிருந்த ஒருவரை அது குறிவைத்தது.

தடை விதித்த பிறகு பள்ளிகள் மூடியே கிடந்தனவா?

முழுமையாக இல்லை. எதிர்ப்பு வலுத்ததால் நான்காம் வகுப்பு வரை சிறுமிகள் போகலாம் என்று 2009 பிப்ரவரியில் ஃபஸ்லுல்லா தளர்த்தினார். மலாலா அப்போது ஐந்தாம் வகுப்பு. அவரும் தோழிகளும் வயதில் சிறியவர்களைப் போலக் காட்டிக்கொண்டு, சாதாரண உடையில், புத்தகங்களைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். வகுப்பை நடத்திய ஆசிரியைகள் ஏற்ற ஆபத்து மாணவிகளுடையதைவிடக் குறைந்ததன்று. இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதவர்கள் அவர்களே என்பது என் எண்ணம்.

அந்தப் பிப்ரவரியில் அரசுக்கும் போராளிகளுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கை நிலைக்கவில்லை. மே மாதம் ராணுவம் பெரும் நடவடிக்கையைத் தொடங்கியபோது இருபது லட்சம் பேர் அளவுக்கு வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. மலாலாவின் குடும்பமும் அதில் ஒன்று. ஜூலையில் அவர்கள் மிங்கோரா திரும்பினார்கள். பள்ளி மீண்டும் திறந்தது.

2012 அக்டோபர் 9 அன்று நடந்தது என்ன?

தேர்வு எழுதி முடித்துவிட்டு மாணவிகள் பள்ளி வேனில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் வேனை நிறுத்திய இருவரில் ஒருவன் பின்பக்கமாக வந்து, மலாலா யார் என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் சில பார்வைகள் மலாலா பக்கம் திரும்பின, முகத்தை மூடாமல் இருந்தவரும் அவர் ஒருவரே. அவன் சுட்டான். ஒரு குண்டு மலாலாவின் இடது கண்ணருகே புகுந்து தோள் வரை சென்றது. அருகில் இருந்த ஷாசியா ரம்சான், கைனாத் ரியாஸ் என்ற இரண்டு மாணவிகளும் காயமடைந்தார்கள். மலாலாவுக்கு அப்போது வயது 15.

மற்ற இரண்டு மாணவிகளையும் சேர்த்தே இந்த நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அவர்களும் பின்னர் பிரிட்டனுக்குச் சென்று படிப்பைத் தொடர்ந்தார்கள். 2014இல் ஓஸ்லோவில் மலாலா நோபல் பரிசு பெற்றபோது அவர் அழைப்பின் பேரில் அரங்கில் இருந்தார்கள்.

தலையில் சுட்டும் பிழைத்தார் என்றால் நம்ப முடியவில்லையே. நாடகம் என்று சிலர் சொல்கிறார்களே?

நாடகம் அன்று. குண்டு மூளைக்குள் நேராகப் பாயாமல் மண்டையோட்டை ஒட்டித் தோலுக்கடியில் சென்றது. ஆனாலும் அதன் அதிர்ச்சியில் மூளை வீங்கத் தொடங்கியதால், பெஷாவர் ராணுவ மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஜுனைத் கான் மண்டையோட்டின் ஒரு துண்டை அகற்றி, வீக்கத்துக்கு இடம் ஏற்படுத்தினார். உயிரைக் காத்தது அந்த அறுவை. அகற்றிய எலும்புத் துண்டு கெடாமல் இருக்க அவருடைய வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துப் பாதுகாக்கப்பட்டது. பிறகு ராவல்பிண்டிக்கும், அங்கிருந்து ஐக்கிய அரபு அமீரகம் அளித்த மருத்துவ விமானத்தில் அக்டோபர் 15 அன்று பிரிட்டனின் பர்மிங்காமில் உள்ள குயின் எலிசபெத் மருத்துவமனைக்கும் கொண்டு செல்லப்பட்டார். 2013 பிப்ரவரியில் அங்கே மண்டையோட்டில் டைட்டானியத் தகடும், கேட்கும் திறன் போன இடது காதுக்கு உள்ளே மின்னணுச் செவிக் கருவியும் பொருத்தப்பட்டன.

முழுமையாகக் குணமாகிவிட்டார் என்பதும் சரியன்று. இடப்பக்க முக நரம்பு அறுந்திருந்ததால் பல அறுவைகள் தேவைப்பட்டன. 2021 ஆகஸ்டில்கூட அமெரிக்காவின் பாஸ்டனில் ஓர் அறுவை நடந்தது. காபூல் தாலிபான் வசமான செய்திகளை அவர் அந்த மருத்துவமனைப் படுக்கையிலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பழைய படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பில் உள்ள வேறுபாடு தெரியும்.

சுட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்களா?

அரைகுறையாக. தாக்குதலைச் செய்தது தாங்களே என்று தெஹ்ரீக்-இ-தாலிபான் அமைப்பின் செய்தித் தொடர்பாளர் எஹ்சானுல்லா எஹ்சான் உடனே அறிவித்தார். 2014 செப்டம்பரில் பத்துப் பேரைக் கைது செய்ததாகப் பாகிஸ்தான் ராணுவம் சொன்னது. 2015 ஏப்ரலில் பத்துப் பேருக்கும் தலா 25 ஆண்டு சிறை என்று செய்தி வந்தது. மூடிய கதவுகளுக்குள் நடந்த அந்த விசாரணையில் உண்மையில் இருவர்தான் தண்டிக்கப்பட்டார்கள், எட்டுப் பேர் விடுவிக்கப்பட்டார்கள் என்பது ஜூன் மாதம் தெரியவந்தது. ஃபஸ்லுல்லா 2018 ஜூனில் ஆப்கானிஸ்தானின் குனார் பகுதியில் அமெரிக்க ஆளில்லா விமானத் தாக்குதலில் இறந்தார். எஹ்சானுல்லா எஹ்சான் 2017இல் சரணடைந்து, 2020இல் காவலிலிருந்து தப்பிவிட்டார்.

மலாலா பழிவாங்கலைக் கேட்டதில்லை. தன் 16ஆவது பிறந்த நாளான 2013 ஜூலை 12 அன்று ஐக்கிய நாடுகள் அவையில் பேசியபோது, தன்னைச் சுட்டவன் எதிரே நின்று, தன் கையில் துப்பாக்கி இருந்தாலும் அவனைச் சுட மாட்டேன் என்றார். பழிவாங்காமல் இருப்பது வேறு, நீதி நடக்காமல் போவது வேறு. வழக்கு நடந்த விதம் மலாலாவுக்கு மட்டுமல்லாமல், காயம்பட்ட மற்ற இருவருக்கும் செய்யப்பட்ட குறைவு என்றே நான் கருதுகிறேன்.

அவர் பள்ளிக்குப் போனதற்காகச் சுடப்பட்டாரா, தாலிபானை விமர்சித்ததற்காகச் சுடப்பட்டாரா?

இதை நுணுக்கமாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் 2013 ஜூலையில் தாலிபான் தளபதி அத்னான் ரஷீத் மலாலாவுக்கு எழுதிய கடிதத்தை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். நீ படித்ததற்காக உன்னைத் தாக்கவில்லை, எங்களுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்ததற்காகத்தான் தாக்கினோம் என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

அந்த வேறுபாடு நிற்காது. பள்ளிகளைத் தகர்த்து, பெண்கள் படிக்கக் கூடாது என்று ஆணையிட்டவர்களை, அந்தச் செயலுக்காகத்தான் மலாலா விமர்சித்தார். என் பள்ளியைத் திறந்துவிடு என்று கேட்பதே பிரச்சாரம் என்றால், படிப்பதற்காகச் சுடவில்லை என்ற வாதத்துக்குப் பொருள் இல்லை. அத்துடன் 2014 டிசம்பர் 16 அன்று அதே அமைப்பு பெஷாவர் ராணுவப் பள்ளியில் புகுந்து 140க்கும் மேற்பட்டோரைக் கொன்றது; அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். அவர்கள் யாரும் நாட்குறிப்பு எழுதவில்லை.

பெண்கள் படிப்பதை இஸ்லாமே தடுக்கிறது என்கிறார்களே?

தடுக்கவில்லை. குர்ஆனில் முதலில் அருளப்பட்ட வசனம் ‘ஓதுவீராக’ என்று தொடங்குகிறது. கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்ற நபிமொழியை முஸ்லிம் குழந்தைகள் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்கிறார்கள். மலாலா சுடப்பட்ட சில நாட்களிலேயே பாகிஸ்தானில் சுன்னி இத்திஹாத் கவுன்சிலைச் சேர்ந்த ஐம்பது மார்க்க அறிஞர்கள், தாக்கியவர்களின் செயல் இஸ்லாத்துக்கு விரோதமானது என்று ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, வெளியிட்டார்கள். 2022 டிசம்பரில் ஆப்கான் தாலிபான் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தை மூடியபோது, அது ஷரீஅத்துக்கு முரண் என்று கெய்ரோ அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அல்-தய்யிப் அறிவித்தார்.

நடைமுறையும் இதையே காட்டுகிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வங்கதேசம் 1994 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு உதவித்தொகை வழங்கியது. அதன் பின் அங்கே இடைநிலை வகுப்புகளில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களை எட்டிப் பிடித்தது. மதம் ஒன்றுதான் என்றாலும் அரசின் முடிவுகள் வெவ்வேறாக இருக்கின்றன. மலாலாவும் தன்னைப் பற்றுள்ள முஸ்லிமாகவே முன்வைக்கிறார்.

குண்டு பட்டதற்காகவா நோபல் பரிசு கொடுத்தார்கள்?

குழந்தைகளும் இளையோரும் ஒடுக்கப்படுவதற்கு எதிராகவும், எல்லாக் குழந்தைகளின் கல்வி உரிமைக்காகவும் நடத்திய போராட்டத்துக்காக என்பதே நோபல் குழு சொன்ன காரணம். 2014ஆம் ஆண்டுக்கான அமைதிப் பரிசை அவர் இந்தியாவின் கைலாஷ் சத்யார்த்தியுடன் பகிர்ந்துகொண்டார். குழந்தை உழைப்புக்கு எதிராகச் சத்யார்த்தி 1980களின் தொடக்கம் முதல் செய்து வந்த பணியையும் மலாலாவின் பணியையும் ஒரே பரிசுக்குள் வைத்தது பொருத்தமான முடிவு என்றே சொல்வேன்: வேலைக்கு அனுப்பப்படும் குழந்தையும் பள்ளிக்கு அனுப்பப்படாத குழந்தையும் பல வீடுகளில் ஒரே குழந்தைதான்.

அப்போது மலாலாவுக்கு வயது 17. நோபல் வரலாற்றில் இத்தனை இளம் வயதில் வேறு யாரும் பெற்றதில்லை. அதற்கு முன் 1915இல் இயற்பியல் பரிசு பெற்ற லாரன்ஸ் பிராக்கின் வயது 25. சுடப்பட்ட அன்று மலாலா அணிந்திருந்த, இரத்தம் தோய்ந்த பள்ளிச் சீருடை அந்த ஆண்டு ஓஸ்லோ நோபல் அமைதி மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அவரே தன் உரையில், என் கதை தனித்துவமானது என்பதற்காக அன்று, அப்படி இல்லை என்பதற்காகவே அதைச் சொல்கிறேன் என்றார்.

பரிசுப் பணமும் நன்கொடையும் எங்கே போகின்றன?

2013இல் தந்தையுடன் சேர்ந்து தொடங்கிய மலாலா நிதியம் என்ற அறக்கட்டளை, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், நைஜீரியா போன்ற நாடுகளில் பெண் கல்விக்காக உழைக்கும் உள்ளூர்ச் செயல்பாட்டாளர்களுக்குப் பணம் தருகிறது. 2015 ஜூலை 12 அன்று லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் சிரிய அகதிச் சிறுமிகளுக்கான பள்ளி திறக்கப்பட்டது. சுவாத்தை அடுத்துள்ள, அவருடைய பெற்றோரின் சொந்த மாவட்டமான ஷாங்லாவில் அவர் உதவியுடன் கட்டிய பெண்கள் பள்ளி 2018இல் தொடங்கியது. உள்ளூரில் ஏற்கெனவே உழைப்பவரைத் தேடிப் பிடித்து உதவுவது, வெளியிலிருந்து ஆள் அனுப்புவதைவிட நல்ல முறை; அந்த ஊரில் எது தடை என்பது அவருக்குத்தான் தெரியும்.

சொந்த நாட்டிலேயே ஏன் பலர் அவரை வெறுக்கிறார்கள்?

எல்லோரும் வெறுக்கவில்லை, அவர் சுடப்பட்டபோது பாகிஸ்தான் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் அவருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். ஆனாலும் எதிர்ப்பு உண்மையானது. அவருடைய தன்வரலாற்று நூலைத் தம் பள்ளிகளில் அனுமதிக்க மாட்டோம் என்று 2013இல் அனைத்துப் பாகிஸ்தான் தனியார் பள்ளிகள் கூட்டமைப்பு அறிவித்தது. மறு ஆண்டு ‘நான் மலாலா அல்ல’ என்று ஒரு நாளையே கடைப்பிடித்தது.

இதன் பின்னணியை விளங்கிக்கொள்ளாமல் பாகிஸ்தானியர்களை நன்றியற்றவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. அமெரிக்க ஆளில்லா விமானங்கள் பழங்குடிப் பகுதிகளில் குண்டு வீசிக்கொண்டிருந்த காலம் அது. பின் லேடனைத் தேடுவதற்காக அமெரிக்க உளவுத் துறை அபோட்டாபாத்தில் போலியான தடுப்பூசி முகாம் நடத்தியது 2011இல் அம்பலமாகியிருந்தது. இத்தனைக்கும் பிறகு, மேற்கு நாடுகள் ஒரு சிறுமியை மட்டும் தூக்கிக் கொண்டாடியபோது, விமானத் தாக்குதலில் இறந்த குழந்தைகளின் பெயர் யாருக்காவது தெரியுமா என்ற கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானது. அதற்கான விடையை அந்தச் சிறுமியிடம் கேட்டதுதான் தவறு.

அவர் மேற்கு நாடுகளின் கைப்பாவை என்பதில் ஓரளவாவது உண்மை இல்லையா?

2013 அக்டோபரில் வெள்ளை மாளிகையில் ஒபாமாவைச் சந்தித்தபோது, ஆளில்லா விமானத் தாக்குதல்கள் பயங்கரவாதத்தை வளர்க்கின்றன என்று 16 வயது மலாலா அவரிடமே சொன்னார். 2014இல் சிறார்களுக்கான உலகப் பரிசாகக் கிடைத்த 50,000 டாலரை, காசாவில் சேதமடைந்த ஐக்கிய நாடுகள் அவைப் பள்ளிகளைச் சீரமைக்கக் கொடுத்தார். கைப்பாவை இப்படி நடந்துகொள்ளாது.

அதே வேளையில் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவரும் அல்லர். காசாவில் 2023க்குப் பிறகு நடந்த அழிவு பற்றி அவர் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்றும், அந்தப் போரில் இஸ்ரேலை ஆதரித்த ஹிலாரி கிளின்டனுடன் சேர்ந்து மேடை நாடகத் தயாரிப்பில் பங்கேற்றிருக்கக் கூடாது என்றும் 2024இல் பலர் கடிந்துகொண்டார்கள். அந்த விமர்சனத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அவரிடம் குறை காண்பது, பெண் பிள்ளைகளின் படிப்பு என்ற கோரிக்கையைக் குறைத்து மதிப்பிடக் காரணமாகிவிடக் கூடாது.

பெற்ற மகளை ஆபத்தில் தள்ளியது அவருடைய தந்தைதானே?

பெற்றோர் மிகுந்த தயக்கத்துடன் கேட்கும் கேள்வி இது; எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வியும் அன்று. சியாவுதீனின் உடன்பிறந்த சகோதரிகள் ஐவருமே பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. தன் மகள் பிறந்தபோது, தலைமுறை தலைமுறையாக ஆண்களின் பெயர்கள் மட்டுமே எழுதப்பட்டிருந்த குடும்ப வம்சாவளிப் படத்தில் அவர் மலாலாவின் பெயரை எழுதினார். மலாலாவின் தாய் தூர் பெக்காய் ஆறு வயதில் பள்ளியை விட்டவர். புத்தகங்களை விற்று மிட்டாய் வாங்கிக்கொண்டார். அந்தத் தாய் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கியதே மகளுடைய பள்ளியில்தான். இப்படிப்பட்ட வீட்டில் மகளின் குரலை அடக்குவது பாதுகாப்பாகத் தோன்றியிராது.

தாலிபான் தாக்குவதாக இருந்தால் தன்னைத்தான் தாக்கும், ஒரு சிறுமியைச் சுடும் அளவுக்குப் போகாது என்று தந்தை நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. குழந்தையின் முகத்தையும் பெயரையும் அத்தனை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்ததில் செய்தி நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. இன்று ஒரு சிறுமி அப்படிப் பேச முன்வந்தால், அவருடைய அடையாளத்தைக் காப்பதே முதல் கடமை என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் பேசிய குழந்தையின் தந்தையிடம் கணக்குக் கேட்கும் நாம், சுட்டவனைப் பற்றிக் கேட்பதை மறந்துவிடக் கூடாது.

பாகிஸ்தானில் இன்று பெண் பிள்ளைகளைத் தடுப்பது துப்பாக்கிதானா?

பெரும்பாலான ஊர்களில் இல்லை. 2010இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 25-ஏ பிரிவு, 5 முதல் 16 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை அரசின் கடமையாக்கியது. ஆனாலும் அந்த வயதில் சுமார் 2.6 கோடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருப்பதாகச் சொல்லி, 2024 மே மாதம் பிரதமர் ஷெபாஸ் ஷெரீப் கல்வி அவசரநிலையை அறிவித்தார். அவர்களில் பெண்கள் அதிகம்.

காரணங்கள் பயங்கரமானவையாகத் தோன்றா. ஊரில் தொடக்கப் பள்ளி இருக்கும், உயர்நிலைப் பள்ளி இருக்காது. அடுத்த ஊருக்குப் போகப் பேருந்து இருக்காது. நடந்து போனால் வழியில் தொல்லை. பள்ளியில் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் இல்லாவிட்டால் பூப்பெய்திய மகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். ஆசிரியை இல்லாத ஊரில் ஆண் ஆசிரியரிடம் அனுப்பத் தயங்குவார்கள். பெண்கள் படிக்காத ஊரில் ஆசிரியை எங்கிருந்து வருவார்? கல்விக் கட்டணம் இல்லை என்றாலும் சீருடைக்கும் நோட்டுக்கும் பணம் வேண்டும், அது ஒரு பிள்ளைக்குத்தான் தேறும் என்றால் மகனுக்குப் போகும். பிறகு சிறு வயதுத் திருமணம். இவற்றில் ஒவ்வொன்றையும் வரவு செலவுத் திட்டத்தாலும் நிர்வாகத்தாலும் சரிசெய்ய முடியும் என்பதுதான் வேதனை. தொடக்கக் கல்வியோடு நிறுத்தாமல் 12 ஆண்டுகள் இலவசக் கல்வி வேண்டும் என்று மலாலா வலியுறுத்துவது இதனால்தான். பெண் பிள்ளைகள் உதிர்வது தொடக்கப் பள்ளிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் இடையே உள்ள அந்தத் தூரத்தில்.

மலாலா இப்போது என்ன செய்கிறார்? பாகிஸ்தானுக்குத் திரும்பவே இல்லையா?

ஆக்ஸ்ஃபோர்டின் லேடி மார்கரெட் ஹால் கல்லூரியில், முன்பு பெனசிர் பூட்டோ படித்த அதே இடத்தில், தத்துவம், அரசியல், பொருளியல் படித்து 2020இல் பட்டம் பெற்றார். 2021 நவம்பரில் அஸ்ஸர் மாலிக்கைத் திருமணம் செய்துகொண்டார். 2018 மார்ச்சில் முதல் முறையாகத் தாய்நாடு திரும்பி, பலத்த பாதுகாப்புடன் சுவாத்துக்கும் சென்றார். அதன் பிறகும் சில முறை வந்திருக்கிறார். 2025 மார்ச்சில் ஷாங்லாவில் மேலே சொன்ன பள்ளியைப் பார்த்தார்.

இத்தனை பேசியும் ஆப்கானிஸ்தானில் பள்ளிகள் மூடித்தானே கிடக்கின்றன? அப்படியானால் பேசி என்ன பயன்?

பேச்சு மட்டும் பள்ளியைத் திறக்காது என்பது உண்மை. சுவாத்தில் பள்ளிகள் மறுபடி திறந்ததற்கு ராணுவ நடவடிக்கை ஒரு காரணம். தடைக்காலத்திலும் வகுப்பை விடாமல் நடத்திய ஆசிரியைகளும், பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரும் இன்னொரு காரணம். ஆப்கானிஸ்தானில் தடை விதித்திருப்பது மலையில் ஒளிந்திருக்கும் குழுவன்று, ஆட்சியில் இருக்கும் அரசு. 2021 செப்டம்பரில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் உயர்நிலைப் பள்ளி திறந்தது. 2022 மார்ச் 23 அன்று பெண்களுக்கும் திறப்பதாகச் சொல்லி, பள்ளிக்கு வந்த மாணவிகளை அன்று காலையிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் பல்கலைக்கழகமும், 2024 டிசம்பரில் செவிலியர், பேறுகாலப் பணியாளர் பயிற்சியும் மூடப்பட்டன. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பார்க்கத் தயங்கும் நாட்டில் இந்தக் கடைசித் தடையின் விளைவு பிரசவ அறையில்தான் தெரியும். குறைந்தது 14 லட்சம் சிறுமிகள் உயர்நிலைக் கல்வியை இழந்திருக்கிறார்கள் என்று 2024இல் யுனெஸ்கோ கணக்கிட்டது.

பேச்சின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் தடையை உலகம் பழகிப்போன செய்தியாக ஏற்றுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அது. பெண்கள் மீதான இந்த அடக்குமுறையைப் நிறவெறிக்கு நிகரான பாலின ஒடுக்குமுறைக் குற்றமாகச் சர்வதேசச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று மலாலா வாதாடி வருகிறார். 2025 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில், முஸ்லிம் நாடுகளின் தலைவர்களும் அறிஞர்களும் கூடிய மாநாட்டில், தாலிபானுக்கு அங்கீகாரம் தராதீர்கள் என்று நேரடியாகக் கேட்டுக்கொண்டார். அழைக்கப்பட்டிருந்த தாலிபான் அரசு வரவில்லை. 2025 ஜூலை 8 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், தாலிபானின் உச்சத் தலைவர் ஹைபத்துல்லா அகுந்த்சாதா மீதும் தலைமை நீதிபதி அப்துல் ஹக்கீம் ஹக்கானி மீதும், பெண்களையும் சிறுமிகளையும் துன்புறுத்திய குற்றத்துக்காகக் கைது ஆணை பிறப்பித்தது. ஆணை இன்னும் நிறைவேறவில்லை. காபூலில் இன்றும் பெண் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு முடிகிறது. அதற்கு மேல் படிப்பவர்கள் வீடுகளுக்குள் நடக்கும் இரகசிய வகுப்புகளிலும் வானொலிப் பாடங்களிலும் இணைய வழிப் பாடங்களிலும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.